அடிபம்பு அடிக்கவில்லை, உடனே வரவும்

அடிபம்பு மெக்கானிக் வேலையில் ஒரு விசேஷம் உண்டு: நாம் ஒழுங்காக வேலை பார்த்தால் நம்மை ஒருவருக்கும் ஞாபகம் வராது. பம்பு அடிக்கிற வரைக்கும் நம் பெயர்கூட ஊரில் யாருக்கும் தெரியாது. அது நின்றுபோன மறுநிமிடம் நம் பெயர், நம் தெரு, நம் மாமனார் கடை இருக்கிற பஜார் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் லைன்மேன், கம்பவுண்டர், நர்ஸம்மா, ரேடியோ ரிப்பேர்காரர் என்று எவராவது இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம். சோற்றில் கை வைத்ததும் வாசலில் "அண்ணே" என்று குரல் கேட்கும் கூட்டம்.

எண்பதுகளின் நடுவில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுத் திருச்சுழியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அடிபம்பு மெக்கானிக்காக யூனியன் ஆபீஸில் சேர்ந்தேன். ஊருக்கு உழைக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் சத்தியமாக இல்லை. சந்தோஷமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் லட்சியம். மாதச் சம்பளம், அஞ்சு மணிக்கு வீடு, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, மத்தியானம் பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் ஒரு மேட்னி ஷோ. கல்யாணமும் ஆயிற்று. மனைவி சரஸ்வதி அருப்புக்கோட்டைக்காரி. அவள் அப்பாவுக்கு பஜாரில் இரும்புக்கடை. மறுவீட்டு விருந்திலேயே மாமனார் சொல்லிவிட்டார்: "மாப்ளே, எப்ப அலுத்துப் போச்சுன்னாலும் சொல்லுங்க. கடைல ஒங்களுக்கு ஒரு சேரு, தலைக்கு மேல ஒரு ஃபேனு, ரெடியா இருக்கு." வெயிலில் சைக்கிள் மிதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஃபேன்தான் கண்ணில் வரும்.

சும்மா ஒரு கார்டு

கிராமங்களில் அப்போது ஏது போன்? ஒவ்வொரு பம்புக்கும் அந்த ஊரிலேயே ஒருவரைப் பொறுப்பாகப் போட்டிருந்தோம். சங்கிலிக்கு கிரீஸ் தடவ வேண்டும், போல்ட்டை முறுக்க வேண்டும், பம்பு நின்றுபோனால் எங்களுக்கு ஒரு தபால் கார்டு போட வேண்டும். கார்டும் நாங்கள் கொடுத்ததுதான். "எங்கள் ஊர் அடிபம்பு அடிக்கவில்லை, உடனே வரவும்" என்று அச்சடித்தே இருக்கும். ஊர்ப் பெயரை எழுதிப் பெட்டியில் போட வேண்டியதுதான் வேலை. ஆனால் நம் ஆட்கள் அதோடு விடுவார்களா? "இது மூன்றாவது கார்டு, நாலாவதை நேரில் கொண்டு வருவோம்" என்று ஓரத்தில் எழுதுவார்கள். ஒருவர் எங்கள் குலதெய்வத்தைக் கூப்பிட்டுச் சாபமே எழுதியிருந்தார்.

உடங்காட்டுப்பட்டி முத்துலட்சுமி அக்கா மட்டும் தனி ரகம். பருத்திக்காட்டு வேலைக்குப் போகிறவர், அஞ்சாம் வகுப்பு வரை படித்தவர். அச்சடித்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, அதன் கீழே உருட்டி உருட்டி எழுதுவார்: "பம்பு நல்லா அடிக்குது. சும்மா எழுதினேன்." ரெண்டு மாதத்துக்கு ஒன்று தவறாமல் வரும். என் சக மெக்கானிக் சங்கரபாண்டி அதை ஆபீஸில் உரக்க வாசித்துச் சிரிப்பான். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது, "அக்கா, குடுத்ததே பத்துக் கார்டு. ரிப்பேருக்குப் போடச் சொன்னா இப்படி வீணாக்குறீகளே" என்றேன். அவர் கிரீஸ் கையைப் பழைய பாவாடைத் துணி ஒன்றில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கெட்ட சேதியாவே வந்துக்கிட்டு இருந்தா ஒங்களுக்கும் வெறுத்துப் போகும்ல தம்பி? அதான் ஊடால ஒண்ணு நல்லதாப் போட்டு விடுறேன்."

முதல் செம்பு

எங்கள் பக்கம் பம்படியில் ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை, குடங்கள் நிற்கும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காட்டுவேலைக்குப் போய்விடலாம், இடம் போகாது. வீட்டில் இருப்பதே ஒரு குடம்தான் என்றால், அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொள்ளலாம். கல்லுக்கும் குடத்துக்கும் ஒரே மரியாதை. திருவிழாவில் சாமி கும்பிடுவதற்கே சண்டை போடுகிறவர்கள்கூட அடுத்தவர் கல்லைத் தள்ளிவைக்க மாட்டார்கள்.

இன்னொரு வழக்கம்தான் என் வயிற்றுக்கு எமன். ரிப்பேர் முடிந்ததும் கலங்கல் போய்த் தெளிந்து வருகிற முதல் செம்புத் தண்ணீரை மெக்கானிக் குடிக்க வேண்டும். நான் குடித்து, நின்று, விழாமல் இருந்தால்தான் அடுத்தவர் குடம் வைப்பார். பாதி ஊர்களில் தண்ணீர் உப்பென்றால் உப்பு, மோரில் போட வேண்டியது மாதிரி இருக்கும். ஒரே நாளில் நாலு ஊர் பம்பு பார்த்தால் நாலு ஊர் உப்பும் வயிற்றுக்குள்ளே போய்ச் சண்டை போடும். ஒரு ஊரில் முகத்தைச் சுளித்துவிட்டேன். செம்பை நீட்டிய அம்மாவுக்குப் பொறுக்கவில்லை: "மூஞ்சிய ஏன் இப்படி வைக்கிறீக? நாங்க டவுனுக்கு வந்து ஒங்க சப்புனு இருக்க தண்ணியக் குடிச்சுட்டு ஏதாச்சும் சொன்னமா?"

நூற்றிருபது அடி

பூமிக்குள்ளே இருக்கிற சிலிண்டரில் தோல் வாஷர் தேய்ந்துவிட்டால், பம்பை மொத்தமாக உருவித்தான் ஆக வேண்டும். பத்தடிக் குழாய் பன்னிரண்டு. தண்ணீரோடு சேர்த்துத் தூக்க எட்டுப் பேராவது வேண்டும். அதற்கு ஊர் ஆம்பளைகள் வருவதுதான் முறை. வருவார்கள், வந்ததும் இப்படிப் பிடி அப்படிப் பிடி என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், நடுவில் டீ வரும், வடை வரும், பழைய தகராறு ஒன்று வரும். ரெண்டு மணி நேர வேலை சாயங்காலம் வரைக்கும் இழுக்கும்.

ஐப்பசியில் ஒரு தடவை நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு ஊருக்குப் போனோம். ஆம்பளைகள் அத்தனை பேரும் ஏரோடு காட்டுக்குப் போய்விட்டார்கள். சங்கரபாண்டி, "ஏலே, திரும்பிருவோம்" என்றான். அதற்குள் பத்துப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருத்தி ஒன்று ரெண்டு எண்ணினாள், மற்றவர்கள் தூக்கினார்கள். குழாய் வந்துகொண்டே இருந்தது. பதினொரு மணிக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டரைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. சங்கரபாண்டி அசந்துபோய், எப்படி இத்தனை சீக்கிரம் என்று கேட்டதற்கு எண்ணிக்கை சொன்ன பெண் பதில் சொன்னாள்: "ஆம்பளைக பம்பத் தூக்க வாராக. நாங்க தண்ணிக்கு வாரோம்."

இடைவேளை

என் லட்சியத்தில் மிச்சமிருந்தது அந்த மேட்னி ஷோ ஒன்றுதான். அதையும் ஊர் கண்டுபிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டையில் சரஸ்வதியோடு படம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடைவேளை முடிந்து விளக்கணைந்ததும் திரையில் கையால் எழுதிய சிலைடு ஒன்று விழுகிறது: "பம்பு மெக்கானிக் உடனே வெளியே வரவும்." முதலில் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டேன். அருப்புக்கோட்டையில் எத்தனை பம்பு மெக்கானிக் இருந்துவிடப் போகிறோம்? சரஸ்வதி என்னைப் பார்க்கவே இல்லை. "போயிட்டு வாங்க, நான் முழுசாப் பாத்துட்டுத்தான் வருவேன்" என்று திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

வெளியே ஒருவர் சைக்கிளோடு நின்றார். அவர் ஊரில் மறுநாள் கல்யாணமாம், பந்திக்குத் தண்ணீர் இல்லையாம். இதற்கப்புறம் சிலைடு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தியேட்டர்காரர் என் சிலைடை அழிக்காமல் தனியாக எடுத்துவைத்துக்கொண்டார். ஏழெட்டுப் படம் இடைவேளை வரைக்கும்தான் பார்த்திருக்கிறேன். கதை என்ன ஆயிற்று என்று சரஸ்வதியும் சொல்ல மாட்டாள், கோபம். அந்த முதல் நாள் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் தியேட்டரையே திரும்பித் திரும்பிப் பார்த்ததைக் கண்டு, மிதித்துக்கொண்டிருந்தவர் ஆறுதல் சொன்னார்: "கடேசில எல்லாரும் ஒண்ணு சேந்துருவாகண்ணே, நேரா ஒக்காருங்க."

பட்டி என்று முடிகிற ஊர்

இனி சொல்லப்போவது சிரிப்பாக ஆரம்பித்துச் சிரிப்பாக முடியாத கதை. ஒரு சனிக்கிழமை, சங்கரபாண்டி லீவு. மத்தியானம் தபால்காரர் ஒரு கார்டு கொடுத்தார். அருப்புக்கோட்டை பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. மறுநாள் ஞாயிறு, இந்தத் தடவை ஒரு நாள் முன்னதாகவே மாமனார் வீட்டுக்குப் போய்விட்டால் எவனாலும் என்னைப் பிடிக்க முடியாது என்று திட்டம். கார்டை வாசிக்கக்கூட இல்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் தொற்றினேன். தியேட்டரை மாற்றி வேறு தியேட்டருக்குப் போய் என் திட்டத்தை நானே மெச்சிக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் சரஸ்வதி துவைத்த சட்டையையும், அப்பளம் மாதிரி காய்ந்த ஒரு கார்டையும் கொண்டுவந்து கொடுத்தாள். அச்சடித்த வரி அப்படியே இருந்தது. பேனா எழுத்தெல்லாம் கரைந்து நீல மேகமாகிவிட்டது. ஊர்ப் பெயரின் கடைசியில் "பட்டி" மட்டும் தெரிந்தது.

எங்கள் பக்கம் வந்து பார்த்தால்தான் உங்களுக்கு இதன் கொடுமை புரியும். ரெட்டியபட்டி தொடங்கி எந்தத் திசையில் மிதித்தாலும் ஒரு பட்டியில்தான் போய் முட்ட வேண்டும். எந்தப் பட்டி என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, சரஸ்வதி, "தெரியலன்னா எல்லாப் பட்டிக்கும் போங்க" என்றாள். போனேன். முதல் ஊரில் பம்பு நன்றாக அடித்தது. கூப்பிடாமலே மெக்கானிக் வந்து நிற்பதைப் பார்த்து ஒருவருக்கு சந்தேகம் வந்துவிட்டது, "எலெக்சன் ஏதும் வருதாப்பா?" என்றார். வந்தவனை விடுவார்களா? ஒரு ஊரில் தையல் மெஷினைப் பார்க்கச் சொன்னார்கள், ஒரு ஊரில் கோயில் மணிக்கு நாக்கு மாட்டச் சொன்னார்கள், இன்னொரு ஊரில் கிணற்று ராட்டை. திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் ஓடிப்போயின. பதினாலு பட்டி முடிந்தது. உடங்காட்டுப்பட்டியை மட்டும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அங்கிருந்துதான் நல்ல சேதி மட்டுமே வருமே!

புதன்கிழமை வேறு பட்டி மிச்சமில்லாமல் போனதால்தான் அங்கே போனேன். பம்படியில் வரிசை இருந்தது, ஆனால் குடம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கல். குடங்களெல்லாம் ஒன்றரை மைல் தள்ளித் தோட்டத்துக் கிணற்றுக்குப் போயிருந்தன. கைப்பிடியில் சங்கிலி போல்ட் அறுந்திருந்தது. அவ்வளவுதான். இருபது நிமிட வேலை. பூட்டி முடித்து, முத்துலட்சுமி அக்கா எங்கே என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அக்கா வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் மூங்கில் பத்தை வைத்துப் பச்சிலைக் கட்டு. கிணற்றுப் படியில் குடத்தோடு வழுக்கி விழுந்திருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்துப் பொரிந்தாள்: "ஆபீசுக்கு ஆள் அனுப்புவோம்னு அன்னிக்கே சொன்னோம். இவுகதான், கார்டு போட்டா வந்துருவாரு, வேற ஊர்ல வேலையா இருக்கும்னு சொல்லிச் சொல்லியே எங்கள அடக்கிட்டாக." மேட்னி ஷோவுக்குப் போயிருந்தேன் என்று சொல்வதா? எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. வழக்கப்படி அந்த வீட்டுச் செம்பில் முதல் தண்ணீரைக் கொடுத்தார்கள். ஒரு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. முத்துலட்சுமி அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "கார்டு போட்டு ஏழு நாளாச்சே, ஒங்க வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலையோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். எல்லாரும் நல்லா இருக்காகளா தம்பி?"

சேரும் ஃபேனும்

அதற்கப்புறம் ஒரு வாரம் சரியாகச் சாப்பிட முடியவில்லை. இந்த வேலைக்கு வேண்டியது வேறு மாதிரி ஆள், நான் சினிமா பார்க்கப் பிறந்தவன் என்று முடிவு செய்தேன். ஒரு மாதம் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தேன். பிடித்துப்போனால் அப்படியே ராஜினாமா. சங்கரபாண்டி மட்டும், "போலே போ, ஒனக்கு ஃபேனு, எனக்கு ஒன் ஊரும் சேத்து அறுபது பம்பு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சரஸ்வதிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாமனார் சேருக்குப் புதுப் பிரம்பு பின்னி வைத்திருந்தார்.

முதல் மூன்று நாள் சொர்க்கம். காற்று, பதினொரு மணிக்கு டீ, மத்தியானம் சுடுசோறு. நாலாம் நாள் ஒரு சம்சாரி வந்து தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு, குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வு கேட்டார். ஏன், பழசுக்கு என்ன என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டால் வால்வில் குப்பை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கழற்றிக் கழுவச் சொல்லி, எப்படி மாட்டுவது என்று கணக்கு நோட்டில் படம் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்து வந்தவருக்கு ராட்டை மாற்ற வேண்டாம், எண்ணெய் போட்டால் போதும். அதற்கடுத்தவர் வீட்டுக் கதவுக் கீலை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்த மாமனார் ஒரு சாயங்காலம் கடையை அடைக்கும்போது மெதுவாகச் சொன்னார்: "மாப்ளே, இன்னிக்கு நாலு பேரு வந்தாக. நாலு பேரு ரிப்பேரும் சரியாயிருச்சு. நம்ம கடைதான் ரிப்பேரு."

இரண்டாம் பாதி

ஆனாலும் ஒரு ஆசை நிறைவேறியது. இரண்டாவது ஞாயிறு சரஸ்வதியோடு மேட்னி ஷோ போனேன். முறுக்கு, சோடா, எல்லாம் ஆயிற்று. இடைவேளையும் முடிந்தது. படம் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள். எனக்குத்தான் வாசல் திரை ஆடும்போதெல்லாம் கண் அங்கே போனது. என்னை யாரும் தேடி வரப்போவதில்லை என்று தெரிந்தும், யாராவது வந்தால் தேவலை போல இருந்தது. மூன்று மணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கிளைமாக்ஸில் கதாநாயகன் அம்மாவைக் கண்டுபிடிக்கப் போகிற நேரம். திரையில் ஒரு சிலைடு விழுந்தது. "உடனே வெளியே வரவும்" என்ற எழுத்தை மட்டும்தான் பார்த்தேன். சட்டென்று எழுந்து நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு நடைபாதைக்கே வந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். பின்னாலிருந்து சரஸ்வதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "ஒக்காருங்க. அவுக கூப்புட்டது டாக்டர."

சும்மா வந்தேன்

இருபத்தாறாம் நாள் காலையில் கடைக்குத் தபால்காரர் வந்தார். கார்டில் ஆபீஸ் விலாசத்தைச் சங்கரபாண்டி அடித்துவிட்டு, "ஆள் இப்போது மாமனார் கடை ஃபேனுக்கடியில்" என்று கடை விலாசத்தை எழுதியிருந்தான். திருப்பினால் அதே உருட்டி உருட்டி எழுதிய எழுத்து. ஆனால் நாங்கள் கொடுத்த அச்சடித்த கார்டு இல்லை. நாங்கள் கொடுத்த பத்தும் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, தபாலாபீஸில் காசு கொடுத்து வாங்கிய கார்டு. "பம்பு நல்லா அடிக்குது. என் காலும் நல்லாயிருச்சு. நீங்க நல்லா இருக்கீகளா? சும்மா கேட்டேன்."

ரெண்டு தடவை வாசித்தேன். சரஸ்வதி மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தபோது அவளிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு, ஈரம் படாத இடமாகப் பார்த்துக் கார்டை வைத்தாள். துவைத்த கார்டு ஞாபகம் அவளுக்கும் இருந்திருக்கும். "பதில் போடணும்" என்றேன். "கார்டு வாங்கப் போறீகளாக்கும்?" என்றாள். "இல்ல, நேர்ல போய்ச் சொல்லலாம்னு." அவள் தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். "சாப்பாட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க. எங்கப்பா கட பொழைக்கணும்னா நீங்க பம்பு பாக்கத்தான் போகணும்" என்றவள், நான் பஸ்ஸுக்கு ஓடும்போது பின்னாலேயே ஒரு சத்தம் கொடுத்தாள், நாளைக்கே ஆபீஸிலும் போய்ச் சொல்லிவிட வேண்டுமாம்.

திருச்சுழியில் இறங்கி சைக்கிளை எடுத்து மிதித்து உடங்காட்டுப்பட்டி போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. பம்படியில் குடங்கள் வரிசையாக நின்றன, கல் ரெண்டோ மூன்றோதான். முத்துலட்சுமி அக்கா கைப்பிடியைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டுப் பதறினார், "ரிப்பேரு ஒண்ணும் இல்லையே தம்பி, நல்லா இருக்குன்னுதான எழுதுனேன்? எதுக்கு வந்தீக?" சைக்கிளை நிறுத்தியபடி, "சும்மாதான் வந்தேன்க்கா" என்றேன். அன்றைக்கு அந்தக் கார்டை எப்படித் தொலைத்தேன் என்பதையும் சொன்னேன். சினிமா, சட்டைப் பை, பதினாலு பட்டி, எதையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே குடம் நிறையும்வரை அடித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. குனிந்து குடத்தின் கழுத்தைப் பிடித்தவர் அப்படியே நின்றார். அப்புறம் யாருக்கும் கேட்காத மாதிரி என்னிடம் சொன்னார்: "வந்ததுதான் வந்தீக, இந்தக் கொடத்தக் கொஞ்சம் தூக்கி இடுப்புல வச்சு விடுங்க தம்பி. கார்டுல எழுதுன மாதிரி காலு அம்புட்டு நல்லா ஆகல."

ஆக, என் கூட்டத்தாரே, சந்தோஷமாக இருப்பதற்கென்றே நான் என் சர்வீஸில் லீவு போட்டது அந்த இருபத்தாறு நாள்தான். மீதி வருஷங்களிலெல்லாம் சந்தோஷமாக இருந்தேனா என்று நின்று பார்க்க எந்தப் பட்டிக்காரனும் என்னை விடவில்லை.